உப்புக்குச் சப்பாணி

கீழத்தருவை உப்பளத்தில் மழைக்காலம் முடிந்து, தேங்கிய தண்ணீரை இறைத்து வெளியேற்றி, பாத்திகளின் களிமண் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கிய தை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கிழக்குப் பாத்தியின் நடுவே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கதவு நின்றுகொண்டிருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, நிலையும் கதவும் மட்டும். அதன் முன்னால் ஈர மண்ணில் பதிந்தபடி இரண்டு மஞ்சள் பலகைகள். வேலைக்கு வந்த பெண்கள் தூக்குச்சட்டிகளை வரப்பில் வைத்துவிட்டு, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கதவு நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தை மிதித்தார்கள். மிதிக்காமல் விட்டால் தரை கெட்டியாகாமல் பொக்கு விடும், பொக்கு விட்டால் மேஸ்திரி ஏசுவான். கதவு நிற்பதற்கு யாரும் யாரையும் ஏசப்போவதில்லை.

"இது எமீமா கதவுல்லா" என்றாள் சலோமி.

தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா" என்றாள். பிறகு வரிசையில் தன் இடத்துக்குப் போய் மிதித்தாள்.

எமீமா தங்கபுஷ்பத்தின் ஒரே மகள். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவள். கார்த்திகை மழையோடு வந்த காய்ச்சலில், ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் இறந்துபோனவள். அடக்க ஆராதனையில் தாய் அழவில்லை. ஊர் அதைக் கவனித்தது, கொஞ்சநாள் பேசியது, பிறகு விட்டுவிட்டது.

அந்தக் கதவை ஊரில் எல்லோரும் முன்பே போன் திரைக்குள் பார்த்திருந்தார்கள். எமீமா டவுனில் பாலிடெக்னிக் படித்தாள். யார் வேண்டுமானாலும் தானே ஒரு விளையாட்டைச் செய்து போடலாம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து அதில் ஆடலாம் என்று இணையத்தில் ஓர் இடம் இருந்தது. அதில் அவள் கீழத்தருவையைச் செய்து போட்டாள். உப்பளம் ஏற்கெனவே கட்டம் கட்டமாகத்தானே கிடக்கிறது, ரொம்பக் கஷ்டப்படவில்லை என்றாள். ஊரில் இல்லாத ஒரு மலையையும், ஊரில் எங்கே தோண்டினாலும் கிடைக்காத நல்ல தண்ணீர்ச் சுனை ஒன்றை மலையடியிலும் சேர்த்துவைத்தாள். சுனைக்கு மேலே ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டிருந்தாள். விளையாட்டின் பெயர் 'சேந்து மிதி'. அதில் எதையும் ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. கதவுக்கு முன்னால் இரண்டு மிதிப்பலகைகள். இரண்டு பேர் இரண்டிலும் ஒரே நொடியில் குதித்தால்தான் கதவு திறக்கும்.

"அப்ப யாருட்டி ஜெயிப்பா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள்.

"யாரும் ஜெயிக்க மாட்டாவ."

"பொறவு எதுக்கு ஆடுதாவ?"

எமீமா யோசித்தாள். "ஒரு ஆளு ஒரு மிதில ஏறி நிக்கும்மா. யாராச்சும் வருவாவளா, வரமாட்டாவளான்னு தெரியாது. சும்மா நின்னுட்டே இருக்கும். அப்ப எங்கேருந்தோ ஒரு ஆளு ஓடி வந்து பக்கத்து மிதில ஏறும் பாரு. அதுக்குத்தான்."

பெயரும் பாஷையும் தெரியாத பிள்ளைகள் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தார்கள். 'மிதி' என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டார்கள். கதவு திறந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்து மூன்று முறை குதித்துக்கொள்வார்கள். நன்றி என்பதற்கும் போய்விட்டு வருகிறேன் என்பதற்கும் அந்த விளையாட்டில் அது ஒன்றுதான் பாஷை.

சாயங்காலம் வேலை விட்டு வந்து, குளித்து, உலை வைத்துவிட்டு, தங்கபுஷ்பமும் மகளோடு ஆடினாள். ஆட வரவில்லை. உப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கால் வெடிப்பிலும் விரல் வெடிப்பிலும் உப்பு ஏறித் தீயாய் எரியும்; சில வருடங்களில் தோல் தடித்து, எரிச்சல் என்பதே மறந்துபோகும்; அதோடு கைரேகையும் போய்விடும். ரேஷன் கடை மெஷினே அவளை ஆள் என்று ஏற்றுக்கொள்ளாது, போன் எப்படி ஏற்றுக்கொள்ளும்? தொட்டால் ஒரு தடவை கேட்கும், ஒரு தடவை கேட்காது. அவளுடைய பொம்மை வாய்க்காலில் விழுந்துகொண்டே இருந்தது. சேர்ந்து ஆடுகிற ஆட்டமானதால் ஒருவர் விழுந்தால் இருவரும் அவுட், முதலிலிருந்து வர வேண்டும். ஒருநாள் எமீமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து, அம்மாவின் பொம்மைக்கு மட்டும் ஒரு தனி விதி எழுதினாள். தெருவில் ஆடும்போது ஆடத் தெரியாத சின்னதையும் அழவிடாமல் சேர்த்துக்கொண்டு, எத்தனை தடவை பிடிபட்டாலும் அவுட் இல்லை என்று விடுவார்களே, அந்த விதி. பொம்மையின் தலைக்கு மேலே பெயரும் அதையே வைத்தாள்.

"ஒப்புக்குச் சப்பாணிங்கதுதாம்மா சரி. நம்ம சனங்கதான் உப்பு உப்புங்காவ."

"நமக்கு உப்புத்தான்ட்டி. அப்டியே போடு."

அன்றுமுதல் உப்புக்குச் சப்பாணி விழுந்தால் நனையாமல் எழுந்து வந்தாள். ஆனால் விழுவதை எண்ணாத விதி, மிதியில் ஏறி நிற்பதையும் எண்ணவில்லை. மகளும் தாயும் சேர்ந்து குதித்தாலும் கதவுக்கு அது ஒரே ஆள்தான். எமீமா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பிசகிட்டேம்மா. நாளைக்கு மாத்திருதேன்."

"மாத்தாதட்டி. நீ கூட்டாளியப் பாத்துக் குதி, நான் சும்மா பின்னால வாரேன். விழாம இருந்தாப் போதும் எனக்கு."

அதனால் அது அப்படியே இருந்தது.

மகள் போன பிறகு தங்கபுஷ்பம் சாயங்காலங்களில் போனை எடுத்து உள்ளே போய்ப் பார்த்தாள். யாராவது ஒரு பிள்ளை ஒற்றை மிதியில் ஏறி நின்றுகொண்டிருக்கும். இவள் போய்ப் பக்கத்து மிதியில் ஏறுவாள். அது குதிக்கும், இவளும் குதிப்பாள், கதவு திறக்காது. தனக்குத் தெரியாத எழுத்தில் இவள் தலைமேல் இருக்கும் பெயரைப் பார்த்துக்கொண்டு அது கொஞ்சநேரம் நிற்கும். பிறகு மூன்று முறை குதித்துவிட்டு மறைந்துபோகும். மார்கழி முழுக்க இவள் அப்படி நின்றாள். தையில் கதவு உப்பளத்துக்கே வந்துவிட்டது.

அதை முதலில் திறந்தவர்கள் சலோமியும் அவளுடைய ஓரகத்தி வசந்தாவும். ஒரு கிரைண்டரால் இருவருக்கும் பேச்சு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுச் சலோமி ஒரு மிதியில் ஏறி நின்றாள். அது ஒரு விரற்கடை கீழே இறங்கியது. மற்றொன்றில் ஏற யாரும் துணியவில்லை. "பயமாருந்தா எறங்கச் சொல்லுங்க அவள" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வசந்தா விறுவிறுவென்று வந்து ஏறினாள். யாரோ எண்ணினார்கள். இருவரும் குதித்தார்கள். கதவு திறந்தது, உள்ளே போனார்கள், கஞ்சிச்சட்டி கழுவிக் கவிழ்க்கும் நேரத்தில் திரும்பி வந்தார்கள். சலோமியின் தூக்குச்சட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஆளுக்கு ஒரு மடக்குக் குடித்தார்கள். பிறந்ததிலிருந்து லாரித் தண்ணீர் குடித்தவர்களுக்கு அந்த ருசியை என்னவென்று சொல்வதென்று தெரியவில்லை.

"சீனி போட்டிருக்கா?" என்றாள் ஒருத்தி.

"சவமே, உப்பு போடல" என்றாள் சலோமி.

அதன் பிறகு கதவு ஊர்க் காரியம் ஆயிற்று. ஊர்ச் சங்கத்தில் தெருவாரியாக முறை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குருவானவர் இந்தக் கதவைத் தொடாமல் வேதத்தில் உள்ள மற்றக் கதவுகளைப் பற்றி மட்டும் பிரசங்கித்தார். லாரிக்காரன் இரண்டு நாள் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போனான். துணை இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது என்பதால், வரப்புத் தகராறில் முகம் பாராதவர்கள் குடத்தோடு வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கணவனுக்கு இரண்டு எட்டுப் பின்னால் நடந்தே பழகிய பெண்கள் மிதியிலும் பின்தங்கியதால், அந்த வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் முற்றத்தில் கோலப்பொடியால் கட்டம் போட்டுக் குதித்துப் பழகினார்கள். பழகியவர்கள் தெருவிலும் ஒரே வரிசையில் நடக்கத் தொடங்கினார்கள், அது முதலில் சிரிப்பாக இருந்து பிறகு சாதாரணமாயிற்று. உப்பள முதலாளி, தன் நிலத்தில் நிற்கிற கதவு தன்னுடையது என்று காரில் வந்து இறங்கி, கணக்குப்பிள்ளை சுயம்புவோடு ஏறினார். மூன்று எண்ணினார்கள், குதித்தார்கள், திறக்கவில்லை. சுயம்பு அரை நொடி பிந்தியிருந்தார்.

"என்னவே, காது கேக்கலியா ஒமக்கு?"

"கேக்குது மொதலாளி. நீங்க குதிக்கணும்லா மொதல்ல."

"சேந்து குதியும்ங்கேன்."

"ஆகட்டும் மொதலாளி. நீங்க குதிச்ச ஒடனே சேந்து குதிக்கேன்."

பொழுது சாயும்வரை குதித்தார்கள். சுயம்புவின் கால் முப்பது வருடமாக எதைப் பழகியதோ அதையே செய்தது. முதலாளி வீட்டுக்குத் தண்ணீர், மற்றவர்கள் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் போயிற்று.

சலோமியும் வசந்தாவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தினமும் வேலை முடிந்ததும் இருவரும் குடத்தோடு வந்து ஏறி, "ஒன்னு, ரெண்டு, மிதி" என்பார்கள். அந்த மூன்று சொற்களைத்தான் அவர்கள் பேசினார்கள். மாசி பிறந்தபோது, தண்ணீர் தேவையில்லாத நாளிலும் இருவரும் வந்து நிற்பதை ஊர் பார்த்தது. ஊரில் பலரும் அப்படித்தான் வந்தார்கள். தண்ணீர் ஒரு சாக்காகிவிட்டது. தனியாக ஒருவர் ஒரு மிதியில் ஏறி நின்றுகொண்டு, தெரு முனையைப் பார்த்தபடி இருப்பார். யாராவது வருவார்கள்.

தங்கபுஷ்பம் முதல் நாளே ஏறிப் பார்த்தாள். மிதி அசையவில்லை. கோழி ஏறினாலும் ஒரு நூல் இறங்குகிற பலகை அவளுக்கு இறங்கவில்லை. பக்கத்தில் சலோமி ஏறினாள், வசந்தா ஏறினாள், சங்கச் செயலாளர் ஏறினார். குருவானவர் இருட்டுவதற்குள் அங்கியில்லாமல் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கதவுக்கு ஓர் ஆள்தான் நின்றது. விளையாட்டில் போலப் பின்னாலேயே நுழையவும் முடியவில்லை; மிதித்த இருவர் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. எதனால் என்று அவளுக்குத் தெரியும். சலோமியிடம் மட்டும் சொன்னாள், சலோமி ஊருக்குச் சொன்னாள். யாரும் அவளைப் பற்றித் தப்பாக எதுவும் பேசவில்லை. கதவிலிருந்து வருகிற முதல் குடத்தை அவள் வீட்டு நடையில் இறக்கிவைத்துவிட்டுப் போவது என்று ஒரு வழக்கம் தானாக உண்டாயிற்று. அவள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் குடத்துக்காரர்கள் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை.

அவள் அந்தத் தண்ணீரில் உலை வைத்தாள். மீதியைக் குடித்தாள். மகள் செய்த சுனை அது.

சலோமி தினமும் வந்து, கண்டதைச் சொல்வாள். எமீமாவை யாரும் பார்க்கவில்லை. ஆனால் சுனைக்கு மேலே அஸ்திவாரத்தோடு நின்ற அந்த வீட்டை யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் சுவர் இடுப்பளவு. ஒருநாள் ஜன்னல்.

"அடுக்களை ஜன்னலு எந்தப் பக்கம் இருக்கு?"

"கெழக்க பாத்து மதினி."

"புகை போவாதுன்னு சொல்லிட்டே இருப்பேன், மேக்க வைக்கணும்னு."

மறுநாள் சலோமி வரும்போதே, "மதினி, ஜன்னல மேக்க மாத்தியிருக்கு" என்றாள். தங்கபுஷ்பம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துப் புடைத்தாள்.

பங்குனியில், பாத்திகளில் உப்பு பூக்கத் தொடங்கிய பிறகு, சலோமி வந்து நடையில் உட்கார்ந்து, குடத்தை இறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"வீட்டு வேல முடிஞ்சிட்டு மதினி. வாசக்கதவு வச்சாச்சு. கதவுக்கு முன்னால ஒத்த மிதிதான் இருக்கு."

"ஒத்த மிதியா?"

"ஒன்னே ஒன்னு. நான் ஏறிப் பாத்தேன், அசையல. வசந்தாவும் ஏறிப் பாத்தா. ரெண்டு பேரும் ஏறினோம். எங்களுக்கு அசையல மதினி." சலோமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அது ஒங்களுக்கு வச்சது."

தங்கபுஷ்பம் அன்றைக்கு லேப்டாப்பைத் துணியில் சுற்றிச் செல்போன் கடை ராஜாசிங்கிடம் கொண்டுபோனாள். ஒரு சின்ன விதியை மாற்ற வேண்டும் என்றாள். அவன் திறந்து பார்த்தான். உள்ளே போகக் கடவுச்சொல் கேட்டது. தாயின் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானப் பெயர், சலோமி வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள்.

"அவ கணக்குல போனாத்தான் அக்கா மாத்த முடியும். வேற யாருக்கும் உரிம கெடையாது." அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். "இன்னொன்னும் இருக்கு. ரொம்பநாள் ஆளு வராத கணக்க எடுத்துருவாவ. அவ செஞ்சதெல்லாம் அதோட போயிரும்."

"யாருட்டயாவது சொல்லிப் பாக்கலாமா?"

"யாருட்டன்னு சொல்லுவிய?"

அந்த வாரமே கதவின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. கத்தரிப்பூ நிறம் தண்ணீரில் அலசிய சேலை மாதிரி ஆகி, ஒரு மத்தியானம் கதவுக்குள்ளாகவே அந்தப் பக்கத்து உப்புக் குவியல் தெரிந்தது. ஊருக்குப் புரிந்துவிட்டது. யாரும் அடித்துப் பிடித்து ஓடவில்லை. முறை வைத்து, ஜோடி ஜோடியாகப் போய், இருக்கிற குடம் அண்டா எல்லாவற்றிலும் மொண்டுவந்தார்கள். லாரிக்காரனுக்குப் போன் போட்டுச் சொல்லிவைத்தார்கள். கடைசி முறை சலோமிக்கும் வசந்தாவுக்கும் என்று தானாகவே ஆகியிருந்தது.

தங்கபுஷ்பம் வேலை உடுப்போடு வந்தாள். மிதியில் ஏறப்போன சலோமியின் கையைப் பிடித்தாள்.

"அந்த வீட்டு வாசல்ல நின்னு நான் சொல்லுதத சொல்லுவியா?"

"சொல்லுங்க மதினி."

"அன்னைக்கு மாத்த வேண்டாம்னு சொன்னது நான்தான். அவ மேல தப்பு இல்ல. இப்ப மாத்தச் சொல்லு." பிடித்த கையை விட்டாள். "விழுந்தா விழுதேன்னு சொல்லு."

"ஒன்னு, ரெண்டு, மிதி" என்றார்கள் ஓரகத்திகள். கதவு திறந்தது, மூடியது. ஊர் வரப்பில் நின்றது. தங்கபுஷ்பம் இடப்பக்க மிதியில் ஏறி நின்றுகொண்டாள். வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. அவர்கள் திரும்பி வந்தபோது இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். குடங்களை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"கத்திச் சொன்னேன் மதினி. மலையே திருப்பிச் சொல்லிச்சு."

"ஆளு வந்துதா?"

"ஆடு மேயுற சத்தம்கூட இல்ல" என்று வசந்தா சொன்னாள்.

அவர்களுக்குப் பின்னால் கதவு கரைந்தது. உப்புக்கல் தண்ணீரில் கரைகிற மாதிரி, முதலில் விளிம்பு, பிறகு நடு, பிறகு நிலை. கதவு இருந்த இடத்துக்கு அப்பால் கடல்வரைக்கும் பாத்திகள் கிடந்தன. அப்போது தங்கபுஷ்பத்தின் காலுக்கடியில் மிதி ஒரு விரற்கடை இறங்கியது.

அவள் குனிந்து பார்த்தாள். அதே நொடியில் வலப்பக்க மிதியும் இறங்கியது. அதில் யாரும் இல்லை.

இரண்டு மிதிகளும் இறங்கியே இருந்தன. திறப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. பிறகு வலப்பக்க மிதி எழும்பி இறங்கியது. மறுபடி எழும்பி இறங்கியது. மறுபடியும். அதன் பிறகு அது எழும்பவில்லை. அந்தக் குதிப்புக்கு அர்த்தம் இன்னதென்று ஊரில் குழந்தைகள்வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தங்கபுஷ்பம் தன் மிதியில் நின்றபடி திருப்பிக் குதித்தாள். மூன்றாவது தடவை சரியாக வரவில்லை. பிறகு இறங்கி, ஊர்ப் பக்கம் திரும்பி, ஒற்றையடி வரப்பில் நடந்தாள். வழிவிட்டார்கள். இருபது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு நடந்த வரப்பு. வாய்க்கால் திரும்பும் இடத்தில் கால் வழுக்கி, பாத்திக்குள் விழுந்தாள்.

சலோமி ஓடிவந்தாள். தங்கபுஷ்பம் உப்புநீரில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தது. முழங்காலில் உப்புப் பொருக்குக் கீறி, ரத்தம் கோடாக இறங்கித் தண்ணீரில் கலந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சலோமி அக்குளுக்கடியில் கை கொடுத்து, "எந்திரிங்க மதினி, ஒன்னு, ரெண்டு" என்று எண்ணியவள், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எரியுதா மதினி?"

தங்கபுஷ்பத்தின் வாய் கோணியது. கார்த்திகையிலிருந்து வராமல் நின்ற சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

"எரியுதுட்டி" என்றாள்.